புள்ளிக் கணக்கில் எழுந்த வீடு

கடல் பொங்கி ஊரை விழுங்கிவிட்டது என்பது ஒரு கதை. சோழ ராஜாவின் கொடுமை தாங்காமல் கிளம்பி வந்தார்கள் என்பது இன்னொரு கதை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் பாண்டிய நாட்டில் குடியேறியதற்கு நகரத்தார் குடும்பங்களில் வழிவழியாக இந்த இரண்டையும் சொல்லிவந்தார்கள். எந்தக் கதையை எடுத்துக்கொண்டாலும் கடைசியில் அவர்கள் வந்து நின்ற இடம் ஒன்றுதான். இன்றைய காரைக்குடியைச் சுற்றியுள்ள வானம் பார்த்த பூமி அது. நம்பி விதைக்கிற மாதிரி ஓர் ஆறு கிடையாது. மண்வெட்டி சற்று ஆழமாக இறங்கினால் செம்புறாங்கல் 'டங்'கென்று தடுத்தது. கப்பலும் சரக்குமாகப் பிழைத்தவர்களுக்கு அந்த மண்ணில் வாங்கவும் ஒன்றுமில்லை, விற்கவும் ஒன்றுமில்லை.

வீட்டைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அவர்கள் கோயிலைப் பிடித்துக்கொண்டார்கள். இளையாத்தங்குடியில் தொடங்கி மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று ஒன்பது கோயில்கள் ஒன்பது பிரிவினருக்கு அமைந்தன. இவற்றில் பிள்ளையார்பட்டி பாண்டியர் காலத்துக் குடைவரை. பாறையோடு பாறையாக, இரண்டே கைகளோடு, தும்பிக்கையை வலப்பக்கம் சுழித்து உட்கார்ந்திருந்த கற்பக விநாயகருக்குப் புதிதாக ஒரு வியாபாரக் கூட்டம் சொந்தமாயிற்று. ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள். பங்காளிக்குள் சம்பந்தம் கூடாது என்பது பொதுவிதி. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் அண்ணன் தம்பி முறை என்பதால் அந்த இரண்டுக்குள்ளும் பெண் கொடுத்து எடுக்கவில்லை. பார்க்கப்போனால் இது சாமி கும்பிடுகிற ஏற்பாடு மாதிரிதான் தெரியும். இதற்குள் ஒரு கணக்குப் புத்தகம் ஒளிந்திருந்தது.

இரண்டு வீட்டுக் கோயில்களிலிருந்தும் மாலை வந்தால்தான் கல்யாணம் செல்லும். கல்யாணம் முடிந்ததும் அந்தத் தம்பதி கோயில் ஏட்டில் ஒரு 'புள்ளி'யாகப் பதிவானார்கள். புள்ளிக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வரி கட்டினார்கள். பிரம்மச்சாரி எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் புள்ளியாகவில்லை. அப்பாவும் நான்கு கல்யாணமான பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கோயிலைப் பொறுத்தவரை அவர்கள் ஐந்து புள்ளிகள். சின்ன ஊர்க் கோயிலில் எழுதிய இந்தக் கணக்கு, ஒருநாள் தேக்கும் சலவைக்கல்லுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கப்போகிறது என்று கணக்கெழுதிய கைகளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அதுவரை அந்த வட்டாரத்தில் உயரமாகத் தெரிந்தவை கோபுரங்களும் கோட்டைகளும்தான். குன்றக்குடியில் குன்றின் மேல் முருகன் நின்றான். வடக்கே திருமயத்தில், சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்துப் பக்கத்தில் குடைவரை கண்ட அதே பாறையைச் சுற்றி, 1687இல் சேதுபதி கோட்டை எழுப்பினார். மண் சுவரும் ஓலைக் கூரையுமாக இருந்த வீடுகளிலிருந்து கிளம்பிய நகரத்தார் 17ஆம் நூற்றாண்டிலேயே பழனிக்கு உப்பு கொண்டுபோய் விற்றார்கள். வியாபாரத்தில் முருகனையும் ஒரு பங்காளியாகச் சேர்த்து, லாபத்தில் அவனுக்கு ஒரு பங்கு ஒதுக்கினார்கள். உப்போடு உப்பாகக் கைமாற்றும் வட்டியும் வளர்ந்தன. இப்படியே போயிருந்தால் நல்ல உப்பு வியாபாரிகள் என்ற பெயரோடு கதை முடிந்திருக்கும். சனியன் கிழக்கிந்தியக் கம்பெனி ரூபத்தில் வந்தது.

1801 அக்டோபரில், பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்துத் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைக் கம்பெனிக்காரர்கள் தூக்கிலிட்டார்கள். பாளையக்காரர்களின் காலம் முடிந்தது. நான்கே வருஷத்தில், 1805இல், சென்னை மாகாணத்து உப்பு முழுவதையும் கம்பெனி தன் ஏகபோகமாக்கியது. முன்னோர் காலத்திலிருந்து மாட்டு முதுகில் ஏற்றிய சரக்கு திடீரென்று சர்க்கார் சரக்காகிவிட்டது. கையில் கொஞ்சம் முதல் இருந்தது, கணக்குத் தெரிந்திருந்தது, எங்கே போனாலும் நம்பிக் கடன் கொடுக்கப் பங்காளிகள் இருந்தார்கள். இல்லாதது ஊரில் வியாபாரம் ஒன்றுதான். கடலைவிட்டு ஓடிவந்ததாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் மறுபடி கடலோரம் போய் நின்றார்கள்.

கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று பாய்மரக் கப்பல்கள் போன ஊர்களில் எல்லாம் அவர்கள் இறங்கினார்கள். போன இடத்தில் முதலில் ஒரு தெண்டாயுதபாணி கோயில். அதை ஒட்டி ஒரு கிட்டங்கி. கிட்டங்கி என்பது நீண்ட கூடம். ஆளுக்கு ஒரு கைப்பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். அந்தப் பாய் அகலத்துக்குள் ஒரு பாங்கியே அடங்கியது. ஆங்கிலேயர் பர்மாவின் தெனாசரிமைப் பிடித்ததும் 1826இல் மௌல்மேனுக்கு முதல் ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். இருபத்தாறு வருஷம் அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1852இல் கீழ் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஐராவதி டெல்டாவின் சதுப்புக் காட்டை யார் வெட்டித் திருத்துவது, அதற்குப் பணம் யார் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது.

பர்மிய விவசாயிக்குக் காளை வாங்க, கூலி கொடுக்க, அறுவடைவரை சாப்பிடக் கடன் வேண்டியிருந்தது. சேற்றில் இறங்கி அவனுக்குக் கடன் கொடுக்க ஆங்கிலேய பாங்கிகள் தயாராக இல்லை. அந்த இடைவெளியில் நகரத்தாரான செட்டியார் தன் பாயை விரித்தார். 1869இல் இன்னொரு அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. எகிப்தில் சூயஸ் கால்வாய் திறந்தது; பர்மா அரிசிக்கு ஐரோப்பா பக்கத்து வீடாகிவிட்டது. 1850களில் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த கீழ் பர்மாவின் நெல் வயல், 1930களில் எண்பது லட்சம் ஏக்கரைத் தாண்டியது. அந்தப் பச்சை பரவப் பரவ வட்டியும் பரவியது. மாதம் ஒருமுறை ரங்கூன் முகல் தெருவில், கோயிலில் கூடி, நடப்பு வட்டி இவ்வளவு என்று நிர்ணயித்தார்கள். சாமி சன்னதியில் சொன்ன வட்டிக்கு மறுபேச்சு இல்லை.

இந்த வியாபாரத்தின் உயிர்நாடி மூன்று வருஷக் கணக்கு. ஏஜெண்டாகப் போகிறவர் மூன்று வருஷத் தவணைக்குத் தனியாகப் போனார். மனைவி ஊரிலேயே இருந்தாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பெட்டியடிப் பையனாகப் போனவன், அடுத்தாளாகி, மேலாளாகி, பிறகு சொந்தமாக விலாசம் போட்டுக் கடை வைத்தான். ஒவ்வொரு தவணை முடிவிலும் கையில் பணத்தோடு ஊருக்கு வந்து, சில மாதங்கள் இருந்து, மறுபடி கப்பலேறினான். அவன் வாழ்ந்தது ரங்கூனில், கிட்டங்கித் தரையில், ஒரு பாயில். ஆனால் மரியாதை தெரிய வேண்டியது ஊரில். மனைவியும் அம்மாவும் பிள்ளைகளும் தனியாக இருக்கிற ஊரில், கல்யாணமும் காதுகுத்தும் சாந்தியும் நடக்கிற ஊரில். மூட்டை மூட்டையாக வந்த பணத்துக்கு அந்தச் செம்மண்ணில் போட ஒரே ஓர் இடம்தான் இருந்தது.

ஆக, ஊரில் இல்லாதவர்களுக்காக ஒரு வீடு எழும்ப ஆரம்பித்தது. முதலில் அடித்தளம் நெஞ்சளவு உயர்ந்தது. வெள்ளத்துக்குப் பயந்து வந்தவர்களின் பழைய ஞாபகம் அது என்று இன்றும் சொல்வார்கள். எதிர்வீட்டுக்காரர் கட்டியதைவிட ஒரு படி கூட இருக்கவேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருக்கவேண்டும் என்பது என் சந்தேகம். முன்னால் முகப்பும் திண்ணையும். உள்ளே நுழைந்தால் பட்டாலை, வானத்தைப் பார்த்துத் திறந்த வளவு. வளவின் இருபுறமும் வரிசையாக இரட்டை அறைகள். இங்கேதான் கோயில் கணக்குப் புத்தகம் தச்சன் கைக்கு வந்து சேர்ந்தது. கல்யாணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் இரட்டை; அதாவது புள்ளிக்கு ஓர் இரட்டை. அந்த அறையை அறை என்று யாரும் சொல்லவில்லை. 'வீடு' என்றே சொன்னார்கள்.

கல்யாணமாகிச் சில காலத்தில் மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள்ளேயே 'வேறு வைத்தார்கள்'. அவர்களுக்கு வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு என்று அளந்து கொடுத்தார்கள். பின்கட்டில் தனி அடுப்பு. எட்டுப் புள்ளி இருந்த வீட்டில் எட்டு அடுப்பு எரிந்தது. கூட்டுக் குடும்பம் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சிக்கொண்டது, கிட்டப் போய்ப் பார்த்தால், ஒரு கூரைக்குள் எட்டுத் தனிக் குடித்தனம். மாமியார் மருமகள் சண்டைக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான ஒரு தீர்வை எந்த ஊர்க் கட்டடக் கலையும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. அறை என்னவோ சின்னதுதான். மனைவி கொண்டுவந்த சீர்ச் சாமான்களை வைத்துப் பூட்டுவதற்குத்தான் அது. படுப்பதும் பேசுவதும் பூத்தொடுப்பதும் வளவுத் தாழ்வாரத்தில். ஆனால் அந்தச் சின்ன அறைக்கு ஒரு பிடிவாதமான குணம் இருந்தது: கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. இதன் அருமை தெரிய அறுபது எழுபது வருஷம் ஆயிற்று.

வளவுக்குப் பின்னால் இரண்டாம் கட்டு, பந்தி பரிமாற. அதற்குப் பின் மூன்றாம் கட்டு, அடுப்புகளும் உரலும் கிணறுமாக. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறந்தன. முன்வாசலில் நின்று பார்த்தால் நிலை, நிலைக்குள் நிலை என்று அடுத்த தெரு வெளிச்சம்வரை ஒரே நேர்கோடு. நாட்டு ஓட்டை அடுக்கடுக்காகப் பரப்பிய கூரைகள் எல்லாம் முற்றத்தைப் பார்த்தே சரிந்தன. ஓட்டில் விழுந்த மழையை முற்றத்து மூலையில் வைத்த செம்புக் கிடாரங்கள் வாங்கிக்கொண்டன. மிச்சம் கல் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து ஊரணிக்கும் போயிற்று. ஆறு இல்லாத ஊரில் ஒவ்வொரு கூரையும் ஒரு சின்ன நீர்ப்பிடிப்பாக வேலை செய்தது. இதெல்லாம் தேவை. தேவைக்கு மேலே போன சமாசாரம் சுவரில் ஆரம்பித்தது.

கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைப் பொடி மணலோடு சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்தார்கள். அரைத்ததை நாள்கணக்கில் ஊறவிட்டு, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு என்று படிப்படியாக ஏற்றினார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் விழுது மேலும் மேலும் நைஸாகிக்கொண்டே போயிற்று. கடைசிப் பூச்சுக்கு மையாக அரைத்த சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கரு சேர்ந்தது. அது ஈரமாக இருக்கும்போதே வழவழப்பான கல்லை வைத்து, கை ஓயாமல், தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்கச் சுவரில் தேய்க்கிறவன் முகமே லேசாகத் தெரிய ஆரம்பித்தது. மே மாத வெயிலிலும் சாய்ந்தால் முதுகு குளிர்ந்தது. வெள்ளையடிக்கிற செலவு தலைமுறைக்கும் மிச்சம். ஆயிரக்கணக்கான முட்டைகளின் வெள்ளைக்கரு சுவருக்குப் போயிற்று; கணக்கில் புலிகளான அந்தக் குடும்பங்களில் மஞ்சள்கரு எங்கே போயிற்று என்ற கணக்கு மட்டும் அகப்படவில்லை.

சுவர் பளபளத்ததும் தூணுக்கு ஆசை வந்தது. பர்மாவில் காலடியிலேயே தேக்கு வளர்ந்தது. இரண்டு கை சேர்த்தாலும் பிடிபடாத தேக்குத் தூண்கள் கப்பலேறின. பிறகு பர்மிங்ஹாம் இரும்புத் தூண், இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஐரோப்பியச் சரவிளக்கு. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் என்று ஊர் ஊராகப் போட்டி பரவியது. வாசல் நிலைக்கு மேல் கஜலட்சுமி. அதற்கு மேல் மாடி உச்சியில், சுதையில், துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய். இருவருக்கும் நடுவே தகராறு எதுவும் எழவில்லை. அதே பணத்தின் இன்னொரு வெள்ளம் கோயில்களுக்குப் போயிற்று. ஒன்பது நகரக் கோயில்களும் பெரிய கருங்கல் திருப்பணி கண்டன. தமிழ்நாடு முழுக்கப் பாடல் பெற்ற தலங்கள் புதுக்கோலம் பூண்டன. பழைய கற்றளியைப் பிரித்துக் கட்டியதில் சில ஊர்களில் கல்வெட்டும் சேர்ந்தே போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சல் வரலாற்று ஆய்வாளர்களுக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஒரு கட்டத்தில் வீட்டுக்குள் மனிதர் நடக்க இடமில்லாமல் போயிற்று. 1927 செப்டம்பரில் கதர் நிதிக்காக இந்தப் பக்கம் வந்த காந்தி, மாளிகை மாளிகையாகப் பார்த்துவிட்டு, மேடையிலேயே சொல்லிவிட்டார். இந்த நாற்காலி மேசைகளுக்கு நடுவில் உட்காரவும் மூச்சுவிடவும் இடமில்லை என்றார். அலங்கரிக்கும் கான்ட்ராக்டைத் தன்னிடம் கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு செலவில், இதைவிட வசதியாகவும் காற்றோட்டமாகவும் செய்து தருவதாகவும் சொன்னார். செல்வர்கள் நிதியைக் கொடுத்தார்கள். கான்ட்ராக்டை மட்டும் கொடுக்கவில்லை.

சாமான் கப்பலில் வந்துகொண்டிருந்த அதே நாட்களில், கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் சில கைகள் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தன. இங்கிலாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்திறங்கிய பூப்போட்ட ஓடுகளைப் பார்த்தவர்களுக்கு, இதை இங்கேயே செய்தால் என்ன என்று தோன்றியது. சூளை வேண்டியதில்லை. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உலோக அச்சை வைத்து, அச்சின் கண்களில் கரண்டியால் சிமெண்டுச் சாயத்தை ஊற்றினார்கள். கண்ணுக்கு ஒரு நிறம். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நின்றன. மேலே உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையை அப்பி, மட்டம் தட்டிக் காயவைத்து, பிறகு தொட்டித் தண்ணீரில் போட்டு ஊறவிட்டார்கள். கண்ணாடியை எடுத்தால் அதன் பளபளப்பு ஓட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பூக்கல் என்று ஊரில் பெயர் விழுந்தது. சீமை ஓடு வாங்க வசதி உள்ளவர்கள் இதை இரண்டாம்பட்சமாகத்தான் பார்த்தார்கள். அந்தப் பார்வை எத்தனை நாளைக்கு நீடிக்கும் என்பது கடலுக்கு அப்பால் நெல் விலையில் எழுதப்பட்டிருந்தது.

1930இல் பர்மாவில் பாங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது, செட்டியார் கடைகள் சுமார் 1,650; முதலீடு சுமார் 75 கோடி ரூபாய். குழு கணக்கை எழுதி முடிப்பதற்குள் உலகப் பொருளாதாரம் சரிந்தது. நெல் விலை பாதாளத்துக்குப் போனதும் விவசாயியால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் செட்டியார் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம்தான் அவர்களிடம் இருந்தது. 1938க்குள் அது 25 பங்காயிற்று. பணமாக இருக்கவேண்டியது சேறாக மாறி, விற்க ஆளில்லாமல் கிடந்தது. காட்டை வெட்டி வயலாக்கிய பர்மியக் குடும்பம் அதே வயலில் குத்தகைக்காரனாக நின்றது. தேக்குத் தூணின் அழகைப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போவது நியாயமில்லை. பர்மியர்கள் மறக்கவில்லை.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. மூன்று மாதம்கூட ஆகவில்லை, நகரம் விழுந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில், கிடைக்காதவர்கள் அரக்கான் மலையிலும் மணிப்பூர்க் காட்டிலும் நடந்து, லட்சக்கணக்கான இந்தியர்களோடு திரும்பினார்கள். அடகுப் பத்திரங்களைச் சுமந்து வந்தவர்கள் உண்டு. போர் முடிந்தால் திரும்பிப் போகலாம் என்று நம்பினார்கள். போர் முடிந்தது. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் போட்டது. 1962இல் ஆட்சியைப் பிடித்த நே வின் காலத்தில் பாங்கிகளும் கடைகளும் போயின. நூறு வருஷத்துக்கு மேல் பணம் வந்த குழாய் அடைபட்டது.

எல்லோரும் உடைந்து உட்கார்ந்துவிடவில்லை. ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1947இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை வரவழைத்தார். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். குடும்பங்கள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் மில்லும் கம்பெனியுமாக இடம்பெயர்ந்தன. ஊரில் மிச்சம் இருந்தவை வீடுகள். மூன்று கட்டு வீட்டைப் பெருக்கவே நாலு ஆள் வேண்டும். ஓடு மாற்றவோ ஒரு சொத்தை விற்க வேண்டும்.

பிரிக்கிறவர்கள் வந்து சேர்ந்தார்கள். முதலில் சரவிளக்கு இறங்கியது. பிறகு நிலைக்கதவு, கண்ணாடி, ஊஞ்சல், தூண். ஒரு சந்ததியின் சம்பாத்தியம் முழுதும் போட்டுக் கட்டிய வீடு, ஏலத்துக்கு வந்த சில வாரங்களில் லாரியில் ஏறிப் போயிற்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசைகட்டின. எடைக்கு எடை பித்தளை, ஜோடி ஜோடியாகத் தூண். சென்னையிலும் பெங்களூரிலும் புது உணவகங்களின் வாசலில் அந்தத் தூண்கள் புது வேலைக்குச் சேர்ந்தன. இந்த வேகத்தில் போனால் இருபது வருஷத்தில் தெருவே காலியாகியிருக்க வேண்டும். ஆனால் பல வீடுகளின் வாசலில் பிரிக்கிறவர்கள் திகைத்து நின்றார்கள்.

விற்கக் கையெழுத்துப் போட ஒருவர் போதவில்லை. கட்டியவருக்கு நான்கு மகன்கள், அதாவது நான்கு புள்ளி. அவர்களுக்கு நாலு நாலு மகன்கள் என்றால் பதினாறு. அடுத்த தலைமுறையில் அறுபத்துநாலு. ஒவ்வொரு புள்ளிக்கும் வளவில் ஓர் இரட்டையில் பங்கு. பட்டாலையும் முகப்பும் எல்லாருக்கும் பொது. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் அண்ணன் பிள்ளையோடு பேச்சுவார்த்தை இல்லாமல் அதே தெருவில். இன்னொருவர் வருஷா வருஷம் முன்னோருக்குப் படைப்புப் போடுகிற வீட்டை எப்படி விற்பது என்று ஒரே பிடியாக நின்றார். எல்லாக் கையெழுத்தும் சேர்ந்தால்தான் பத்திரம். சேரவில்லை. பாகப் பிரிவினைச் சண்டை எத்தனையோ குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது; இங்கே அது வீடுகளுக்குக் காவல் நின்றது. ஒரு சாண் நீளச் சாவியோடு வேலைக்காரக் குடும்பம் ஒன்று திண்ணையில் இருந்தது. யாராவது ஒரு புள்ளியின் வீட்டில் கல்யாணம் என்றால் பூட்டுத் திறந்தது, பந்தி நடந்தது, மூன்றாம் நாள் மறுபடி பூட்டியது. கோயில் ஏட்டிலிருந்து புறப்பட்ட கணக்கு, கட்டியதையும் கலைக்கவிடாமல் பிடித்துக்கொண்டது.

அப்படித் தப்பிப் பிழைத்ததைத்தான் இப்போது சினிமாவிலும் கல்யாண ஆல்பத்திலும் சுற்றுலா விளம்பரத்திலும் செட்டிநாட்டு வீடு என்று காட்டுகிறார்கள். அறுபத்துநாலு கையெழுத்தும் அபூர்வமாக ஒத்துப்போன சில வீடுகள் விடுதிகளாயின. கொத்தமங்கலத்தில் அப்படி ஒரு வீட்டைப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் சீராக்கி, இந்த ஊர்களை உலகப் பாரம்பரியப் பட்டியலுக்குக் கொண்டுபோக அலைந்தார்கள். 2014இல் செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. வருகிறவர்கள் காலையில் பிள்ளையார்பட்டி, வெயில் ஏறுமுன் திருமயம் கோட்டை, மாலையில் குன்றக்குடி என்று ஒரு சுற்றுப் போய்விட்டு, வாழையிலைச் சாப்பாட்டுக்கு வளவுக்குத் திரும்புகிறார்கள். தைப்பூசத்துக்கு முன்னால் வந்தால், உப்பு மூட்டை போன அதே பழனிக்கு நகரத்தார் காவடியோடு நடந்து கிளம்புவதையும் பார்க்கலாம்.

இரண்டாம்பட்சமாக இருந்த ஆத்தங்குடிப் பூக்கல்லுக்குத்தான் கடைசி அதிர்ஷ்டம் அடித்தது. சீமை ஓடு வருவது நின்று எத்தனையோ காலமாயிற்று. ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடியின் மேல் அச்சை வைத்துக் கரண்டியால் சாயம் ஊற்றுகிறார்கள். சென்னை, பெங்களூர் அடுக்குமாடிகளின் பூஜை அறைக்கும் பால்கனிக்கும் லாரி ஏற்றுகிறார்கள். ஒரு நாளைக்கு ஒருவர் இத்தனை கல்தான் போட முடியும் என்பதால், அவசரக்காரர்களை ஆர்டர் எழுதிக்கொண்டு காத்திருக்கச் சொல்லி அனுப்புகிறார்கள்.